வானிலிருந்து தீவகம்: பனங்கூடலும் பழைய குடிமனையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, ஆழம் குறைந்த பரவைக்கடலில் சிதறிக் கிடக்கும் நிலத்துண்டுகளைத் தீவகம் என்பர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய பெரிய தீவு, மண்டைதீவு, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, எல்லாவற்றிலும் தள்ளித் தென்மேற்கே தனித்து நிற்கும் நெடுந்தீவு. இவற்றில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் சில மீற்றர் உயர்ந்த இடமே இங்கு மேடு. ஏறி நின்று பார்க்க ஒரு குன்று இல்லாத நிலத்தில், நடப்பவருக்கு அடுத்த வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதனால் மேலிருந்து எடுத்த படம் மற்ற நிலங்களைவிடத் தீவகத்துக்கு அதிகம் உதவுகிறது. அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது கோட்டையோ கோயிலோ அல்ல, பச்சை. தீவகத்தின் பச்சை பெரும்பாலும் தானாக முளைத்ததும் அல்ல.

அடிப்பாறை குடாநாட்டில் உள்ள அதே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். பல இடங்களில் அதன்மேல் ஒரு சாண் மண்கூடக் கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடையோடு பெய்யும் மழை, கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழே ஊறியிருக்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக்கணக்கு. அதே கணக்கு எதிர்ப்பக்கமும் செல்லும்: ஓர் அடி இறைத்துத் தீர்த்தால் உவர் 40 அடி மேலேறும். ஆகவே வில்லை தடித்த இடத்தில்தான் கிணறு நிலைக்கும். கிணற்றைச் சுற்றித்தான் மனை, மனையைச் சுற்றித்தான் பனையும் புளியும் வேம்பும். மணற்பாங்கான கரையில் கையால் தோண்டும் பூவல் ஒரு கோடைக்கு உதவும். கல் வெட்டிக் கட்டிய கிணறு பல தலைமுறைக்கு உதவும். தண்ணீர், மரம், மனிதர் என்ற மூன்றும் ஒரே இடத்தில் குவிவதால், இங்கு தாவரங்களை ஆராய்வதும் பழைய குடியிருப்புகளைத் தேடுவதும் ஏறத்தாழ ஒரே வேலையாகிவிடுகின்றன.

நிலத்தைத் தாவரத்தைக்கொண்டு வகைப்படுத்தும் வழக்கம் செய்மதிக்கு முந்தியது. பனை அடர்ந்த இடம் பனங்கூடல். விழுந்த பனங்கொட்டை முளைத்து எழும் இளமரம் வடலி. மரமற்ற, மழைக்காலத்தில் நீர் தேங்கிக் கோடையில் வெடிக்கும் மேய்ச்சல் வெளி தரவை. பாறை தலைகாட்டும் நிலம் கலட்டி. முள் மண்டியது பற்றை. சுற்றியுள்ள நிலத்தைவிடச் சற்று உயர்ந்த மணல்மேடு பிட்டி. இன்று கணினியில் நிலப்போர்வை வகைகளைப் பிரிப்பவர்கள் தேடும் பிரிவுகள் அனைத்தும் இந்தச் சொற்களில் அடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் உறுதியில் ஒரு பெயர் உண்டு. ஒல்லாந்தர் எழுதுவித்த காணிப்பதிவான தோம்பும் அந்தப் பெயர்களை ஏற்றுக்கொண்டது. இன்று வீடுகள் நிறைந்த துண்டு உறுதியில் கலட்டி என்றிருந்தால், அதைக் கலட்டியாகப் பார்த்தவர்கள் ஒருகாலத்தில் இருந்தார்கள் என்பது உறுதி. அல்லைப்பிட்டி, சாராப்பிட்டி முதலிய பெயர்களும் இவ்வகைச் சான்றுகளே. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கரையில் கடல் மட்டம் இன்றையதைவிட உயர்ந்திருந்தது. தாழ்ந்த நிலம் உவராகிப்போன இடங்களில் பிட்டிகளே மனிதர் கால் ஊன்றத் தகுந்தவையாக இருந்தன.

வரைபடங்களின் வரலாறு போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆட்சிகளோடு வருகிறது. 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் தீவுகளை முதன்மையாகத் துறைகளாகவே பார்த்தனர். ஊர்காவற்றுறையின் கேய்ற்ஸ் என்ற மறுபெயர், யானைகள் ஏற்றப்பட்ட துறைமேடையைக் குறித்த போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பர். 1658 இல் ஒல்லாந்தர் வந்ததும் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு எனப்பட்ட காரைநகர் அம்ஸ்ரர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். கடைசிப் பெயர் மட்டுமே ஆங்கில வழக்கில் இன்றும் பரவலாக நிற்கிறது. மற்றவை வரைபடத்தோடு சரி. பாதிரியார் பால்டேயஸ் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணப்பட்டினத்தின் படமும் உண்டு. அக்காலப் படங்களில் துறை, கோயில், கோட்டை இருக்கும். மரமும் தரவையும் இரா. 1800 இல் அமைந்த நில அளவைத் திணைக்களம் 20ஆம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் நாடு முழுவதற்கும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் தாள்களை முடித்த பின்னரே, பனையும் பற்றையும் குறியீடுகளாகப் படத்தில் ஏறின.

அதற்குள் ஐரோப்பாவில் ஒரு புதிய வாசிப்பு முறை பிறந்திருந்தது. முதல் உலகப் போரில் பறந்து படமெடுத்துப் பழகியவர்கள், கோதுமை வயல்களில் வட்டங்களும் கோடுகளும் தெரிவதைக் கண்டனர். மண்ணுக்குள் பழைய அகழி இருந்தால் ஈரம் தங்கிப் பயிர் உயர்ந்து கரும்பச்சையாக நிற்கும். புதைந்த சுவர் இருந்தால் வேர் இறங்காமல் பயிர் குன்றி முன்கூட்டியே மஞ்சளிக்கும். 1925 இல் இங்கிலாந்தில் மரத்தூண் வட்டமான வுட்ஹெஞ்ச் இப்படித்தான் விமானத்திலிருந்து அகப்பட்டது. ஓ. ஜி. எஸ். க்ரோஃபர்ட்டும் அலெக்சாண்டர் கெய்லரும் 1928 இல் வெளியிட்ட நூல் இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தது. தீவகத்தில் அந்த இலக்கணத்தை அப்படியே பொருத்த முடியாது. இங்கு கோதுமைக் கடல் இல்லை, மண் மெலிந்தது. ஆனால் அடிப்படை விதி நிற்கும். நீண்டகாலம் மனிதர் வாழ்ந்த இடத்தில் சாம்பலும் எலும்பும் சாணமும் சேர்ந்து மண் தடிக்கும். ஆடுமாடு அடைத்த பட்டிகள், கரையொதுங்கிய சாதாளையை அள்ளிப் போட்ட தோட்டங்கள் எல்லாம் கல்தரையின்மேல் மெல்ல ஒரு புது மண்ணை உருவாக்கின. குடிகள் போன பின்னும் அந்த மண் போகாது. சுற்றிலும் காய்ந்து கிடக்கும் கலட்டியில் ஒரு திட்டு மட்டும் பசுமையாக நின்றால், அதற்குக் காரணம் கேட்க வேண்டும்.

இலங்கை முழுவதையும் தழுவிய வான்படத் தொகுதி 1956 இல் எடுக்கப்பட்டது. 1:40,000 அளவிலான அந்தக் கறுப்புவெள்ளைப் படங்கள் எடுக்கப்பட்டது நீர்வள, நிலவளத் திட்டங்களுக்காக. தொல்லியலுக்கு அவை தற்செயலான கொடை. அடுத்த பத்தாண்டுகளில் பார்வை இன்னும் மேலே போனது. 1966 செப்டெம்பரில் ஜெமினி 11 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்துக்குள் நின்றன. அதே காலத்தில், 1960 முதல் 1972 வரை, அமெரிக்காவின் கொரோனா உளவுச் செய்மதிகள் படச்சுருளில் உலகைப் பதிவுசெய்து கொண்டிருந்தன. 1995 இல் அவற்றின் இரகசியம் நீக்கப்பட்டபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் ஆய்வாளர் கைக்கு வந்தன. அவற்றில் சிறந்தவை இரண்டு மீற்றர் அகலப் பொருளையும் காட்டும். உளவுக்காக எடுத்த படங்கள் மெசப்பொத்தேமியாவின் அழிந்த பாதைகளைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டன. பழைய படத்தின் பெறுமதி அதன் தெளிவில் இல்லை, அதன் வயதில் இருக்கிறது. புதிய வீதியும் புதிய வீடும் எழுவதற்கு முந்திய நிலத்தை அது மட்டுமே வைத்திருக்கிறது.

பச்சையை எண்ணாக மாற்றும் வழி 1972 ஜூலை 23 இல் ஏவப்பட்ட முதலாவது லான்ட்சாட் செய்மதியோடு வந்தது. இலை சிவப்பு ஒளியை உண்டு ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை, இலங்கைப் பாடநூல்கள் செங்கீழ் என்று சொல்வதை, இலையின் உட்கலங்கள் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரச் சுட்டெண் கிடைக்கும். நல்ல இலைத்திரள் சிவப்பில் நூற்றுக்கு 5 பங்கும் அகச்சிவப்பில் 45 பங்கும் திருப்பினால் சுட்டெண் 0.8. வெறும் மணல் 30உம் 35உம் திருப்பினால் 0.08க்குள் நிற்கும். தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போகும். கணக்கு எளிது, சிக்கல் படத்தின் கட்டங்களின் அளவில் இருக்கிறது. முதல் லான்ட்சாட்டின் ஒரு கட்டம் தரையில் ஏறத்தாழ 80 மீற்றர். யாழ்ப்பாண வழக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கொண்டால், அது 25 பரப்புக் காணியை ஒரே நிறமாகக் குழைத்துக் காட்டும். 1980களில் வந்த 30 மீற்றர்க் கட்டம் மூன்றரைப் பரப்பு. 1988 இல் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ்-1ஏ செய்மதியின் கூரிய கருவியும் இந்த வரிசையில்தான் நின்றது. 2015 முதல் பறக்கும் சென்ரினல்-2 இன் 10 மீற்றர்க் கட்டம் அரைப் பரப்புக்கும் குறைவு. இந்த வரிசையில் ஒரு குடும்பத்தின் வளவும் அதன் கிணற்றடியும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

பனை இந்தக் கணக்கில் ஒரு தந்திரக்கார மரம். உச்சியில் மட்டும் ஓலை, கீழே வெறும் தூண். மரங்களுக்கு இடையே தரை தெரியும். தை, மாசியில் எடுத்த படத்தில் பனையின் கீழே உள்ள புல்லும் பச்சையாக இருப்பதால் பனங்கூடலும் தரவையும் ஒன்றுபோலத் தோன்றும். சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் புல் கருகிவிடும், ஓலை கருகாது. ஆகவே இரு பருவப் படங்களையும் அடுக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பனை பிரிந்து நிற்கும். இதே முறையில் நிலத்தடி நீரும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: கடுங்கோடையிலும் சுட்டெண் இறங்காத இடத்தின் கீழே நன்னீர் வில்லைக்கு வாய்ப்பு அதிகம். மாரியில் முகில் படத்தை மூடிவிடும்போது, முகிலை ஊடுருவும் ராடார்ச் செய்மதியான சென்ரினல்-1 வெள்ளம் தேங்கும் பள்ளங்களைக் காட்டும். தூர்ந்துபோன குளங்களும் மோட்டைகளும் மழை நாளில் சில வாரங்களுக்கு மீண்டும் தம் பழைய வடிவத்தை எடுக்கின்றன. நேர்கோட்டில் நிற்கும் பனைவரிசைக்கும் பொருள் உண்டு. தானாக விழுந்த கொட்டை கோடு பிடித்து முளைக்காது. எல்லையில் நாட்டியவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். மனை அழிந்து வேலி மக்கிய பின்னும் எல்லைப் பனை நூறாண்டு நிற்கும்.

இந்த வாசிப்புக்கு மிக வளமான இடம் நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர்ப் பரப்புள்ள இத்தீவில், குடாநாட்டின் கிடுகுவேலிக்கும் கிளுவைவேலிக்கும் பதிலாகக் கல்வேலிகள். கடற்கரையிலும் நிலத்திலும் கிடைத்த முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய இடுப்பளவு மதில்கள் அவை. அரை மீற்றர்த் தெளிவுள்ள படத்தில் அவை வெண்ணிற நூலால் பின்னிய வலைபோலத் தெரியும். வலையின் கண்கள் ஒழுங்கான சதுரங்கள் அல்ல. சில வளைந்தவை, சில பழைய கண் ஒன்றைப் பங்கிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது உண்டானவை. வீதி ஒரு வேலியை வெட்டிக்கொண்டு போனால் வேலி முந்தியது. வீதியைக் கண்டு வேலி வளைந்தால் வீதி முந்தியது. அகழாய்வில் மண்ணடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் படிப்பதுபோல, நெடுந்தீவில் மதில்களைப் பக்கவாட்டில் படிக்கலாம். காணி உரிமையின் வரலாறு இவ்வளவு வெளிப்படையாகத் தரையில் எழுதப்பட்ட இடம் இலங்கையில் வேறு இருப்பது அரிது.

குடியிருப்புக்கு வெளியே தெற்கே விரியும் தரவைகளில் காட்டுக்குதிரைகள் மேய்கின்றன. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழி வந்தவை என்று கொள்ளப்படும் இவற்றை ஒல்லாந்தர் தொடர்ந்து வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத்தில் 1811 முதல் 1824 வரை லெப்டினன்ட் நோலன் தீவின் நிர்வாகத்தோடு குதிரை வளர்ப்பையும் நடத்தினார். குதிரை லாயத்தின் தூண்களும், குதிரைகளுக்கு நீர் இறைத்த சாராப்பிட்டிக் கிணறுகளும் இன்றும் உள்ளன. லாயத்தை மட்டும் பார்த்தால் அது ஒரு கட்டட இடிபாடு. மேலிருந்து பார்த்தால் லாயம், நன்னீர்க் கிணறு, தரவை மூன்றும் ஒரு பண்ணையின் உறுப்புகள். மேய்ச்சலும் ஒரு வேலைதான்: நூற்றாண்டுக் கணக்கில் குதிரையும் மாடும் கடித்ததாலேயே அந்த வெளி பற்றையாகாமல் தரவையாக நிற்கிறது. 2015 ஜூனில் தீவின் ஒரு பகுதி, சுமார் 1,846 ஹெக்டேயர், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தீவின் மேற்கே வெடியரசன் கோட்டை எனப்படும் இடத்தில் முருகைக்கல்லால் கட்டிய சிறு தூபிகளின் அடித்தளங்கள் உள்ளன. மரபு அதை வெடியரசன் என்ற தலைவனோடு சேர்த்துச் சொல்கிறது. கட்டட அமைப்போ பௌத்தத்தைக் காட்டுகிறது. தமிழர் நடுவே பௌத்தம் இருந்த காலத்தின் எச்சமாக அதைப் படிக்கும் ஆய்வாளர் உண்டு. தூரப் படம் இந்த வழக்கைத் தீர்க்காது. வட்டமான அடித்தளத்தை அது காட்டலாம், அதில் வழிபட்டவர் பேசிய மொழியைக் காட்டாது. பெருக்கமரத்தைப் படிக்கும்போதும் படத்துக்கு அந்த எல்லை உண்டு. ஆபிரிக்காவுக்கு உரிய அந்த மரம் மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்பது அராபிய வணிகரின் வரவோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கோடையில் இலை உதிர்க்கும் அதன் பழக்கம், என்றும் பச்சையான பனைக்கு நடுவே அதைப் படத்தில் பிரித்துக் காட்ட உதவும். மரம் எப்போது வந்தது என்பதை அதன் தண்டைத்தான் கேட்க வேண்டும்.

கடல் வணிகத்தின் சான்றுகள் ஊர்காவற்றுறையையும் நயினாதீவையும் சுற்றிக் குவிகின்றன. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவினுடையது. அவன் ஆட்சி 1153 முதல் 1186 வரை. கா. இந்திரபாலா 1963 இல் பதிப்பித்த அக்கல்வெட்டு, பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி அரசுக்கு என்று விதிக்கிறது. விலங்குக் கப்பலுக்குச் சலுகை காட்டியதிலேயே அரசனுக்கு எது தேவைப்பட்டது என்பது தெரிகிறது. ஊர்காவற்றுறை இருக்கும் தீவின் கிழக்குக் கோடியில் உள்ள அல்லைப்பிட்டியில் 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் அகழ்ந்தபோது, வட சொங் காலத்து, 11–12ஆம் நூற்றாண்டுச் சீன மட்பாண்டங்கள் பெருந்தொகையாகக் கிடைத்தன. 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தினர் மத்திய கலாசார நிதியத்துடன் சேர்ந்து மீண்டும் அங்கு அகழ்ந்தனர். தீவகத்தையும் குடாநாட்டையும் கால்நடையாக ஆராய்ந்து பொ. இரகுபதி 1987 இல் வெளியிட்ட நூலே இப்பகுதியின் தொடக்ககாலக் குடியிருப்புகளுக்கு இன்றும் அடிப்படை.

துறைகளை ஆராயும்போது படம் நிலத்தோடு நிற்பதில்லை. தீவுகளுக்கு இடைப்பட்ட கடல் பல இடங்களில் ஆள்மட்டத்துக்கும் குறைவு. அகச்சிவப்பைத் தண்ணீர் உடனே விழுங்கிவிடும். நீலமும் பச்சையும் அடி வரை போய்த் திரும்பும். ஆகவே கரைக்கோட்டை வரைய அகச்சிவப்பு, கடலடியைப் பார்க்க நீலம். சாதாளை வளர்ந்த இடம் கரும்பச்சைத் திட்டாகவும், படகுகள் போய்வரும் வாய்க்கால் வெளிறிய கோடாகவும் தெரியும். பாய்க்கப்பல் எந்த வழியால் துறைக்குள் நுழைந்திருக்க முடியும் என்று இதைக்கொண்டு ஊகிக்கலாம். ஆனால் பண்ணை, பொன்னாலை, வேலணை–புங்குடுதீவுத் தாம்போதிகள் நீரோட்டத்தை மாற்றிவிட்டன என்பதை மறக்கக் கூடாது. இன்று தெரியும் மணல்திட்டு தாம்போதிக்குப் பிந்தியதாக இருக்கலாம். அண்மைக் காலப் படங்களில் கரையோரம் கட்டங்கட்டமாகத் தெரிபவையும் பழந்துறைச் சுவர்கள் அல்ல, கடலட்டைப் பண்ணைகள்.

1990–91 இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வு தீவகத்தின் நிலப்படத்தில் தனி அத்தியாயம். ஊர்கள் முழுதாகக் காலியாகின. ஓரிரு மாரிகளுக்குள் தோட்டத்தில் பற்றை ஏறியது. கூரை போன வீட்டுக்குள் வேம்பு முளைத்தது. இறைப்பு நின்ற கிணறுகள் தூர்ந்தன. சில பனங்கூடல்கள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. 1980களின் லான்ட்சாட் படத்தையும் 2000களின் படத்தையும் அருகருகே வைப்பவர் முதலில் ஏமாறுவார்: பல இடங்களில் சுட்டெண் உயர்ந்திருக்கும். ஆள் இல்லாததாலேயே நிலம் பசுமையானது. பசுமை கூடினால் செழிப்பு என்ற பாடநூல் விளக்கம் புங்குடுதீவில் தலைகீழாக நிற்கிறது. தொல்லியலாளருக்கு இது இன்னொரு வகையில் உதவுகிறது. கைவிட்ட மனை எத்தனை ஆண்டில் பற்றையாகும், எந்த மரம் முதலில் வரும், வளவின் கோடு படத்தில் எத்தனை காலம் தெரியும் என்பதற்கு ஆண்டு தெரிந்த மாதிரி கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கைவிடப்பட்ட இடத்தைப் படிக்க அது ஓர் அளவுகோல்.

பற்றைக்குக் கீழே மறைந்த கல்வேலிகளை ஒளிக்கதிர்த் துடிப்புகளால் தரையை அளக்கும் லைடார் காட்டும். 2012 இல் கம்போடியாவின் அங்கோர்க் காட்டுக்குள் நகரத்தின் தெருக்களையே அது வெளிக்கொணர்ந்தது. ட்ரோனில் பொருத்தினால் செலவு குறையும். இலங்கையில் அதற்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். எந்தக் கருவியானாலும், படத்தில் குறித்த புள்ளியை நேரில் போய்ப் பார்க்கும் கள ஆய்வு தவிர்க்க முடியாதது. புங்குடுதீவின் குறிகட்டுவானில் படகேறி, நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கி, கையில் வைத்த ஆயத்தொலைவை நோக்கி வேலி வேலியாக ஏறிப் போக வேண்டும். கரும்பச்சைத் திட்டு பழைய குடிமனையாக இருந்தால் மண்ணில் ஓட்டுத்துண்டும் சிப்பியும் சாம்பல் நிறமும் இருக்கும். போன கோடையில் யாரோ மாடு கட்டிய பட்டியாக இருந்தால், காணிக்காரர் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார்.